சீட்டில் விழுந்த பக்கம்

காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளி அரங்கு. விவாதப் போட்டி தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எவர்சில்வர் டப்பாவில் மடித்துப் போட்ட சீட்டுகளில் ஒன்றை எடுத்துப் பிரித்த பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, பிரித்தபடியே நின்றுவிட்டாள். ‘குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவுவதைச் சட்டம் அனுமதிக்கலாம்’ என்பது தலைப்பு. அவளுக்கு விழுந்தது ‘எதிர்த்து’. நடுவர் வரிசையில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: “சார், எங்க வீட்ல தறி இருக்கு. எங்க அம்மா எட்டு வயசுலேர்ந்து கரைக்கு நாடா எறிஞ்சவங்க. நான் எதிர்த்துப் பேசினா எங்க தாத்தாவக் குத்தம் சொல்ற மாதிரி ஆயிடாதா?”

சீட்டை மாற்ற விதியில் இடமில்லை. அதை மட்டும்தான் அப்போது அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

இந்தக் கட்டுரைக்கு அந்தக் கேள்விதான் காரணம். மாணவர் விவாதத்துக்கு எப்படிப்பட்ட அறச்சிக்கல்களைக் கொடுப்பது, ஒருவர் நம்பாத பக்கத்தைச் சீட்டுக் குலுக்கி அவர் வாயில் வைப்பது முறைதானா என்ற இரண்டும் உலகம் முழுக்கப் பேசப்பட்டவை. ஆனால் காஞ்சியில் உட்கார்ந்துகொண்டு இவற்றை யோசிப்பதில் ஒரு தனி வசதி உண்டு. வாதம் செய்வது எப்படி என்பதையே பாடமாகப் படித்த ஊர் இது.

மணிமேகலைக் காப்பியத்தின் 29-வது காதையை எடுத்துப் பார்க்கலாம். கதைத்தலைவி காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் அறம் கேட்கிறாள். அடிகள் நேராக அறத்துக்குப் போய்விடுவதில்லை. எது சரியான வாதம், எது போலி வாதம் என்பதை முதலில் சொல்லிக் கொடுக்கிறார். நிறுவ வேண்டிய ‘பக்கம்’, அதற்கான ‘ஏது’, எடுத்துக்காட்டான ‘திட்டாந்தம்’ என்று மூன்று உறுப்புகள். பக்கத்தில் வரும் போலி, ஏதுவில் வரும் போலி, திட்டாந்தத்தில் வரும் போலி என்று தவறுகளும் வகைவகையாக விளக்கப்படுகின்றன. இதற்கு முன்பே, 27-வது காதையில், வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்டுவிட்டுத்தான் வருகிறாள். எல்லாத் தரப்பையும் கேட்டாள், பிறகு வாத இலக்கணம் கற்றாள், அதன்பின் தன் நிலையை எடுத்தாள். இந்த வரிசையை இன்றைய விவாதப் பயிற்சியாளர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ‘பட்டிமண்டபம்’ என்ற சொல்லும் அந்தக் காப்பியத்தின் முதல் காதையிலேயே இருக்கிறது. விழா நாளில் சமயவாதிகள் ஏறி வாதிடும் இடம் அது.

அளவை நூலில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்த பௌத்த அறிஞர் திங்நாகர் காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவர் என்பது மரபு. நாலந்தாவின் தலைமைப் பொறுப்பில் இருந்த தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்று 7-ஆம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். அரசன் மகளோடு நடக்க இருந்த திருமணத்துக்கு முந்தைய இரவில் ஊரைவிட்டுப் போய்த் துறவியானவர் அவர் என்பதும் அந்தக் குறிப்பில் உண்டு. கொடுத்த சொல்லா, உள்ளம் காட்டிய வழியா? அதுவே ஒரு விவாதத் தலைப்பு.

நியாய மரபு விவாதத்தை மூன்றாகப் பிரித்தது. உண்மையைத் தெரிந்துகொள்ள இருவர் பேசுவது வாதம். வெல்வதற்காக, சொற்புரட்டும் சேர்த்துப் பேசுவது சற்பம். தனக்கென ஒரு நிலையும் இல்லாமல் எதிராளியை உடைப்பதற்கே பேசுவது விதண்டை. நாம் இன்று பிடிவாதமாகப் பேசுகிற எவரையும் ‘விதண்டாவாதம் பண்ணாதே’ என்று அடக்குகிறோம். அந்தச் சொல்லின் கூர்மை அதில் போய்விட்டது. போட்டி மேடையில் நான் பார்ப்பதில் பாதி, நூல்கள் சொன்ன அதே பொருளில் விதண்டைதான். எதிரணி சொன்னதில் ஓட்டை காட்டுவார்கள். ‘சரி, உன் வழி என்ன?’ என்றால் மணி அடித்துவிடும். நன்னூல் என்ற இலக்கண நூல் சொல்லும் எழுவகை ‘மத’த்தில், அதாவது நூலாசிரியர் எடுக்கும் நிலைகளில், எனக்கு மிகவும் பிடித்தது, பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் களைவது. ஏற்றுக்கொள்ளுதல் அங்கே ஒரு படி. அதைத் தாண்டாமல் களைதலுக்குப் போக முடியாது.

மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சித் தெருவில் நடக்கிற நாடகம். காபாலிகன் ஒருவனுடைய கபால ஓடு காணாமல் போகிறது. எதிரே வந்த பௌத்தத் துறவி ஆடைக்குள் எதையோ மறைத்திருக்கிறார், ஆகவே அவர்தான் திருடினார் என்று பிடித்துக்கொள்கிறான். பாசுபதர் ஒருவர் பஞ்சாயத்துக்கு வருகிறார். வாதம் முற்றி நிற்கும்போது பித்தன் ஒருவன் நாயிடமிருந்து பிடுங்கிய ஓட்டோடு வந்து சேர்கிறான். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்னால் ஓர் அரசன், பிற சமயத்தாரைச் சந்தேகிப்பது எவ்வளவு சுலபம் என்று எழுதிவைத்திருக்கிறான். ‘ஐயம் போதுமா, சான்று வேண்டுமா?’ என்ற தலைப்பில் பேசப்போகும் பிள்ளைகளுக்கு இந்த நாடகத்தைத்தான் முதலில் கொடுப்பேன்.

இனி, சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதில் பெரிய சண்டை நடந்தது அமெரிக்காவில். 1954–55 கல்வியாண்டில் கல்லூரி விவாதங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு, கம்யூனிஸ்ட் சீன அரசை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டும் என்பது. ராணுவ அகாடமியும் கடற்படை அகாடமியும் தங்கள் மாணவர்கள் அந்தத் தலைப்பில் பேசுவதைத் தடுத்தன. அதையொட்டி ரிச்சர்ட் மர்ஃபி என்ற பேராசிரியர் 1957-இல் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. மேடையேறிப் பேசுவது பொதுவில் ஒரு வாக்குமூலம் கொடுப்பதற்குச் சமம், நம்பாததை நம்புவதுபோல் பேசவைப்பது இளையவர்களின் நேர்மையைக் கெடுக்கும் என்றார் அவர். விவாதம் ஒரு பயிற்சி, எதிர்ப்பக்கத்தின் காலணியைப் போட்டு நடக்காதவன் தன் பக்கத்தையும் அறியமாட்டான் என்று மற்றவர்கள் மறுத்தார்கள்.

மேடையில் சொன்னது வெளியே வேறு பொருளில் போய்ச் சேரும் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டு சான்று. 1933 பிப்ரவரி 9 அன்று, அரசருக்காகவும் நாட்டுக்காகவும் எந்த நிலையிலும் போரிடமாட்டோம் என்ற தீர்மானம் அங்கே மாணவர் மன்றத்தில் 275-க்கு 153 என்ற கணக்கில் நிறைவேறியது. நாடே கொந்தளித்தது. மாணவர்கள் ஒரு மாலைப் பொழுதில் வாக்களித்ததை நாளேடுகள் ஒரு தலைமுறையின் கோழைத்தனமாகப் படித்தன.

பத்து ஆண்டு கழித்து அதே பிப்ரவரி 9, 1943 அன்று, சென்னைச் சட்டக் கல்லூரியில் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் மேடையேறினார். அண்ணாவுக்கு அப்போது 33 வயது. எதிரே சொல்லின் செல்வர் ரா.பி.சேதுப்பிள்ளை. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தத்தான் வேண்டுமா என்பது பொருள். மார்ச் 14-இல் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு மறுபடியும் அதே விவாதம். இரண்டும் ‘தீ பரவட்டும்’ என்ற நூலாக வந்தன. அங்கே சீட்டுக் குலுக்கவில்லை. இரண்டு பக்கமும் உயிரைக் கொடுத்து நம்பியதைப் பேசியது. நூலைக் கொளுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்த விவாதத்தைப் படிக்கச் சொல்வேன். எதிரே இருக்கும் அறிஞரின் புலமையை அண்ணா குறைத்துப் பேசவில்லை. ஒரே மேடையில், ஒரே அவையின் முன் இருவரும் கேள்வியைச் சந்தித்தார்கள். நம்பிக்கையிலிருந்து எழும் விவாதம் எவ்வளவு சூடாக இருந்தும் எப்படி நாகரிகமாக நடக்கும் என்பதற்கு நம் ஊர் தந்த பாடம் அது.

அப்படியானால் சீட்டு வேண்டாமா? வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். பதினாறு வயதில் நமக்கு இருக்கும் ‘நம்பிக்கை’ பெரும்பாலும் வீட்டில் கேட்டது, வகுப்பில் கேட்டது, செல்போனில் பார்த்தது. அதை ஒருமுறையாவது வெளியே நின்று பார்க்கச் சீட்டு உதவுகிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்க வேண்டும். அதைச் சொல்லுமுன் தலைப்புகளைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எல்லாத் தலைப்பும் சீட்டில் எழுதத் தக்கதில்லை.

பயிற்சி வகுப்புகளில் இப்போது அதிகம் புழங்குவது தண்டவாளக் கதை. பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஃபிலிப்பா ஃபூட் 1967-இல் எழுதிய கட்டுரையில் வந்தது. ஜூடித் ஜார்விஸ் தாம்சன் பின்னர் அதை விரித்தார். ஓடிவரும் டிராம் ஐந்து பேரைக் கொல்லும், விசையைத் திருப்பினால் ஒருவர் மட்டும் சாவார், திருப்புவாயா? கேள்வி கூர்மையானது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து பேருக்குப் பெயரில்லை. அந்த ஒருவருக்கு ஊரில்லை. மாணவர்கள் மூன்று நிமிடத்தில் கணக்கைப் போட்டுவிட்டு, மிச்ச நேரத்தை விடுகதை அவிழ்ப்பதுபோல் கழிக்கிறார்கள்.

நம் மேடைகள் எப்போதும் ஆள் பெயரோடுதான் சிக்கலை எடுத்தன. மறைந்து நின்று வாலியை அம்பெய்தது முறையா? செஞ்சோற்றுக் கடன் என்று அண்ணன் பக்கமே நின்று மடிந்த கும்பகருணன் உயர்ந்தவனா, அறம் என்று பிரிந்து வந்த வீடணனா? 1939-இல் சா.கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்து மேடைகளும், குன்றக்குடி அடிகளார் மக்களிடம் கொண்டுபோன பட்டிமன்றங்களும் இவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பேசின. கும்பகருணனைப் பற்றிப் பேசும் மாணவன் கட்சித் தாவலைப் பற்றியும், தவறு செய்யும் நிறுவனத்தில் சம்பளம் வாங்குவதைப் பற்றியும் யோசித்தே ஆக வேண்டும். தம்பி நேரில் வந்து அழைத்தும் அவன் போகவில்லை என்று கம்பர் எழுதியிருப்பதால், ‘தெரியாமல் நின்றான்’ என்று நழுவவும் வழியில்லை. ஒரு குறை சொல்வேன். தொலைக்காட்சிக்கு வந்தபின் பட்டிமன்றம் கைதட்டலைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிட்டது. மாணவர்கள் அந்தச் சிரிப்பு வேகத்தைக் கற்றுக்கொண்டு மேடைக்கு வருகிறார்கள்.

சொல்லைக் காப்பதா, பலருடைய நன்மையா என்ற சிக்கலுக்கு இந்த வட்டாரத்தில் பிறந்தவர் கதை ஒன்று இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து, காஞ்சியை அடுத்த திருப்புட்குழியில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டு, குரு சொன்ன பொருளையே மறுத்துப் பேசியவர் ராமானுசர். பின்னாளில் திருக்கோஷ்டியூர் நம்பியிடம், யாருக்கும் வெளியிடமாட்டேன் என்று உறுதி கொடுத்து மந்திரப் பொருள் கேட்டார். கேட்டவர் கோயில் மேலேறி ஊருக்கே சொன்னார். நான் ஒருவன் நரகம் போனாலும் இத்தனை பேர் உய்வார்களே என்றார் என்பது வைணவ மரபு சொல்லும் வரலாறு. நாம் எல்லோரும் உடனே அவர் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். எதிர்த்துப் பேசும் சீட்டு விழுந்த பிள்ளைதான் ஏமாந்து நின்ற குருவைப் பார்க்கிறது. மருத்துவர் நோயாளியின் ரகசியத்தை வெளியிடலாமா, அலுவலகத்து ஊழலை ஊழியர் வெளியே சொல்லலாமா என்று அங்கிருந்து எத்தனையோ தூரம் போகலாம். திருக்குறளின் வாய்மை அதிகாரம் குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையிடத்தில் நிற்கும் என்கிறது. ஜெர்மானிய அறிஞர் கான்ட் 1797-இல், கொலைகாரன் வந்து கேட்டாலும் பொய் கூடாது என்றார். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தால் ஒரு நாள் போதாது.

காஞ்சியின் தூப்புலில் பிறந்த வடகலை ஆசாரியர் வேதாந்த தேசிகரையும் தென்கலை ஆசாரியர்களையும் வைத்துச் சொல்லப்படும் குரங்குக் குட்டி, பூனைக் குட்டி உவமையும் நல்ல தலைப்புதான். குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டுமா, தாயே கவ்விக்கொண்டு போகுமா என்பது மனித முயற்சியைப் பற்றிய கேள்வி. வரதராசப் பெருமாள் கோயிலில் இந்த இரு கலையாரின் உரிமை வழக்குகள் நீதிமன்றம் வரை போனதால் மாணவர் மேடைக்குச் சற்று எச்சரிக்கையோடு எடுக்க வேண்டும்.

காஞ்சியின் பெரிய சிக்கல் தறியில் இருக்கிறது. பட்டு எப்படி வருகிறது என்பதை இந்த ஊர்ப் பிள்ளைகளே பலர் பார்த்ததில்லை. காஞ்சிபுரத்தில் பட்டுப்பூச்சி வளர்ப்பதில்லை. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்தும் வருகிறது. பட்டுப்புழு தன்னைச் சுற்றி ஒரே இழையாக, நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு நூற்றுக் கூடு கட்டுகிறது. அது பூச்சியாகி வெளியே வந்தால் கூட்டைத் துளைத்துக்கொண்டு வரும், இழை அறுந்துவிடும். ஆகவே வெளிவருமுன் ஆவியிலோ சூட்டிலோ உள்ளேயே கொல்கிறார்கள். பிறகு வெந்நீரில் போட்டு இழை பிடித்து இழுக்கிறார்கள். ஒரு கல்யாணச் சேலைக்கு ஆயிரக்கணக்கில் கூடு வேண்டும்.

இந்த ஊரின் பெயரைத் தாங்கிய மடத்தின் பெரியவர், சந்திரசேகரேந்திர சரசுவதி (1894–1994), பட்டு உடுத்துவதை விட்டுவிடச் சொன்னார். இத்தனை உயிரைக் கொன்று வரும் துணி வேண்டாம், கல்யாணச் செலவும் குறையும் என்பது அவர் எண்ணம். பட்டு நகரத்தில் இருந்துகொண்டு பட்டு வேண்டாம் என்று ஒரு துறவி சொல்கிறார். அவரை வணங்கும் குடும்பங்கள் முகூர்த்தப் பட்டு எடுக்க அதே ஊருக்குக் கார் எடுத்து வருகின்றன. யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்பும் பழக்கமும் ஒரே வீட்டில் இப்படித்தான் குடியிருக்கின்றன. விவாதம் என்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வைத்த வாதம் ஒன்று பட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. தின்பவர் பொருட்டு உலகம் கொல்லாது போனால், விலைக்கு விற்பவரும் இருக்கமாட்டார் என்பது அதன் சாரம். ‘நான் கொல்லவில்லை, வாங்கத்தானே செய்கிறேன்’ என்ற சமாதானத்தை அவர் மூடிவிடுகிறார். சைவ உணவுக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு இந்தக் குறளைச் சொல்லி நிற்கும்போது அரங்கில் ஓர் அமைதி வரும். நான் ஒருமுறை அதைக் கேட்டிருக்கிறேன்.

மறுபக்கத்துக்கும் பலமான வாதம் உண்டு. குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி அம்மையார், புழுவைக் கொல்லாமல் பட்டு கிடைக்காதா என்று கேட்டது ஆந்திரக் கைத்தறித் துறை அலுவலர் குசும ராஜய்யாவை யோசிக்க வைத்தது. பூச்சி வெளியேறிய பின் துளைபட்ட கூடுகளைப் பஞ்சுபோல் நூற்று ‘அகிம்சைப் பட்டு’ என்று நெய்து காட்டினார். ஆனால் அந்த நூலுக்குக் காஞ்சிப்பட்டின் பளபளப்பும் முறுக்கும் வராது. கை அதிகம் வேண்டும், விலையும் கூடும். இன்னொன்றும் இருக்கிறது. மல்பெரிப் பட்டுப்பூச்சி ஆயிரமாயிரம் ஆண்டாக மனிதன் வளர்த்து வளர்த்துப் பறக்கவே முடியாமல் ஆகிப்போன உயிர். வெளியே வந்தால் சில நாள், முட்டையிட்டுச் சாகும். அந்த முட்டைகளிலிருந்து வரும் புழுக்கள் எல்லாவற்றுக்கும் இலை போட யாரால் முடியும்? வலியை உணரும் திறன் ஒரு புழுவுக்கு உண்டா என்பது அறிவியலில் முடியாத கேள்வி. இத்தனைக்கும் மேலே தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கும் மனிதர் இருக்கிறார். விசைத்தறியில் ஓட்டிய சேலை ‘காஞ்சிப்பட்டு’ என்ற பெயரில் விற்கப்படும்போது, 2005–06-இல் கிடைத்த புவிசார் குறியீடு அவருக்குத் தாளில் மட்டும் இருக்கிறது. பட்டை விட்டுவிடு என்று சொல்பவர் அவருடைய அடுத்த மாதத்துக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். என் பக்கம் கேட்டால், புதிதாகப் பட்டு வாங்குவதை நான் நிறுத்திப் பல ஆண்டாகிறது. அதனால் நெசவாளருக்கு நான் என்ன செய்தேன் என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

அந்த மாணவியின் தாய் எறிந்த நாடாவுக்கு வருகிறேன். காஞ்சிச் சேலையின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி ஊடைநூலால் நெய்து, ஒவ்வொரு இழையிலும் கோத்து வாங்க வேண்டும். அதற்கு மூன்று நாடா. ஒருவரால் மூன்றையும் எறிய முடியாது. நெசவாளர் மிதியை மிதித்து உடல் நாடாவை எறிவார். பக்கத்தில் உட்கார்ந்தவர் கரை நாடாவை எறிய, இரண்டு நூலும் சந்திக்கும் இடத்தில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். அடுத்து அச்சு விழும். மறுபடியும் எறிய வேண்டும். ஒரு சேலைக்கு இது பல ஆயிரம் முறை. சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று கடையில் பெருமையாகச் சொல்வார்களே, அந்த உறுதி இதிலிருந்து வருகிறது.

அந்தப் பக்கத்து இருக்கை பல காலம் குழந்தைகளுடையதாக இருந்தது. விரல் சின்னது, கூலி சின்னது. சொந்தப் பிள்ளை இல்லாத தறிக்கு, முதலாளியிடமோ நெசவாளரிடமோ முன்பணம் வாங்கிய பெற்றோர் தங்கள் பிள்ளையை அனுப்பினார்கள். கடன் தீரும்வரை பிள்ளை வேறெங்கும் போக முடியாது. 2003 ஜனவரியில் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் கர்நாடகம், வாரணாசியோடு காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அரசும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து பாடுபட்டதில் நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. இன்று அந்த இருக்கையில் பெரும்பாலும் மனைவி உட்கார்ந்திருக்கிறார். அவர் கூலி தனியாகக் கணக்கில் வருவதில்லை. அதுவும் ஒரு தலைப்பு.

சட்டத்தைப் பார்த்தால் சிக்கல் தெளிவாகத் தெரியும். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பட்டியலிட்ட தொழில்களில் பிள்ளைகளைத் தடுத்தது. ஆனால் குடும்பத்தார் தாங்களே நடத்தும் பட்டறைக்கு விலக்குக் கொடுத்தது. 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழே எல்லா வேலையையும் தடைசெய்தது. கூடவே, ஆபத்தான தொழிலாக இல்லாதவரை, பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்றும் வைத்தது. ஒரு பக்கம் கேட்கிறது: நெசவு போன்ற கைத்தொழில் பதினான்கு வயதுக்குமேல் பழகினால் வருமா? வயலில், கடையில், சமையலில் தாயோடு நிற்கும் பிள்ளை கற்றுக்கொள்வதெல்லாம் குற்றமா? எதிர்ப்பக்கம் கேட்கிறது: வீட்டுக்குள் நடப்பதை எந்த அதிகாரி பார்ப்பார்? உதவிக்கும் உழைப்புக்கும் நடுவே கோடு போடுவது யார்? எந்தெந்தச் சாதிகளின் வீட்டில் ‘குடும்பத் தொழில்’ என்று ஒன்று இருக்கிறது, யாருடைய பிள்ளைக்கு அந்த மாலைப் பொழுது டியூஷனுக்குப் போகிறது? இந்தக் கடைசிக் கேள்விக்கு எதிரான பதிலை நான் இன்னும் கேட்கவில்லை.

பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ படத்தையும் இங்கே சேர்க்கலாம். தேசிய விருது பெற்ற அந்தப் படத்தில் பிரகாஷ்ராஜ் ஏற்ற வேங்கடம், மகளுக்குப் பட்டுச்சேலை கட்டிக் கொடுப்பதாகச் சொன்ன வாக்கைக் காக்கத் தறியிலிருந்து நூலை வாயில் ஒளித்துக் கொண்டுவருகிறான். வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்துபவனும் அவன்தான். மனைவியின் உயிரைக் காக்க மருந்து திருடலாமா என்று மேலைநாட்டு உளவியல் வகுப்பில் கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்கு வேங்கடத்தை வைத்தே கேட்கலாம்: தன் கையால் நெய்வதைத் தன் மகள் உடுத்த முடியாதவன் எடுத்தது திருட்டா?

தண்டவாளக் கணக்கும் காஞ்சி மாவட்டத்திலேயே கிடைக்கிறது. 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வானது. ஐயாயிரம் ஏக்கருக்குமேல் நிலம், அதில் நன்செய், ஏரிகள், முழு ஊராகப் பெயர வேண்டிய ஏகனாபுரம். அந்த ஊர் மக்கள் தொடர்ந்து போராடினார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். மாநிலத்தின் வளர்ச்சி, வேலை, நெரிசல் என்று ஒரு பக்கத்தில் பெரிய எண்கள். மறுபக்கம் ஏரிப் பாசனமும் குலதெய்வக் கோயிலும் சுடுகாடும். இழப்பீடு எவ்வளவு கொடுத்தால் ஓர் ஊர் ஈடாகும்? பலருடைய நன்மை என்பது சிலரிடம் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தருமா? இதைப் பேசும் அணியை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டுப் பிறகு மேடையேற்ற வேண்டும். ஆதரித்துப் பேசுபவரைக் கட்டாயமாக அழைத்துப் போக வேண்டும்.

2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வரதராசப் பெருமாள் கோயிலில் 48 நாள் அத்திவரதர் வைபவம் நடந்தபோது முக்கியப் பிரமுகர் வரிசை, பொது வரிசை என்று ஊரே பேசியது. 40 ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் தரிசனத்தைப் பங்கிடுவது எப்படி? அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-இல் கேட்ட கேள்வி அதுதான்: நீ எந்த வரிசையில் நிற்பாய் என்று தெரியாமலே விதியை எழுது. வெயிலில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

சீட்டில் எழுதக் கூடாதவை எவை? எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மனித மதிப்பையே கேள்வியாக்கும் தலைப்புகள். ஒரு சாதி, ஒரு மதம், ஓர் உடல் குறைவானதா என்று கேட்கும் எதுவும் விவாதத்துக்குரிய பொருளே கிடையாது. இட ஒதுக்கீட்டின் வடிவத்தைப் பற்றிப் பேசலாம். ‘தகுதி’ என்ற சொல்லைச் சிலர் மேல் எறிந்து பார்ப்பதற்கு மேடை கொடுக்கக் கூடாது. உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி 2014-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தண்டலத்தில் நடந்தது. அந்த வகைப் போட்டிகளில் தலைப்பு கொடுத்துப் பதினைந்தே நிமிடத்தில் பேச வேண்டும். பதினைந்து நிமிடத்தில் ஒருவர் தன் காயத்தைத் தானே மறுத்துப் பேசத் தயாராக முடியுமா என்று தலைப்பு எழுதுபவர் யோசிக்க வேண்டும்.

முன்பு சொன்ன நிபந்தனை இதுதான். எந்தப் பக்கம் விழுந்தாலும், தன் பக்கம் வென்றால் யாருக்கு என்ன போகும் என்பதைப் பேச்சாளர் எதிரணியே ஒப்புக்கொள்ளும் சொற்களில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மறுப்பு. இதற்கு மதிப்பெண் வேண்டும். உச்சரிப்புக்கும் நேரத்துக்கும் பத்துப் பத்து கொடுக்கும் தாளில் இதற்கு இருபது கொடுத்தால் என்ன?

அன்றைக்கு அந்த மாணவி மேடையேறியதும் சில நொடி பேசவில்லை. பிறகு இப்படித் தொடங்கினாள்: “எங்க அம்மா எறிஞ்ச நாடாவுலதான் எங்க மாமாக்கள் சாப்பிட்டாங்க. எங்க தாத்தாவுக்கு அன்னைக்கு வேற வழி இல்ல. அத ஒத்துக்கிட்டுதான் எதிர்த்துப் பேச வந்திருக்கேன்.” அப்புறம் சட்டத்துக்குப் போனாள். தாத்தாவுக்கு வழி இல்லாமல் போனதற்கு யார் பொறுப்போ அவர்களை விட்டுவிட்டு, ‘உதவலாம்’ என்ற ஒரு சொல்லால் சுமையைத் திரும்பவும் பிள்ளையின் கையில் வைக்கிறது இந்த விலக்கு என்றாள். நெசவைப் பள்ளியில் பாடமாக வைத்தால் கையும் பழகும், கடனும் ஏறாது என்றாள். நேரம் தாண்டி இருபது நொடி பேசினாள்.

எங்கள் மதிப்பெண் தாளில் அந்த முதல் மூன்று வாக்கியத்துக்கு எந்தக் கட்டமும் இல்லை. நேரத்துக்கு மதிப்பெண் குறைந்தது. அவளுக்கு மூன்றாம் இடம். பரிசு கொடுக்கும்போது அவள் அம்மா கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.